கேட்டையும் மகமும், சும்மா சோதனைக்கு

ஆடி 1, புதன்

ஆடி பிறந்தது. எங்கள் மங்கள தீபம் திருமண தகவல் மையத்தில் ஈ ஓட்டும் மாதமும் பிறந்தது. உடுமலையில் ஆடி மாதம் யாரும் பெண் கேட்டு வர மாட்டார்கள். ஜாதகத்தைக் கையால் தொடக்கூட மாட்டார்கள். போன வருஷம் இந்த முப்பத்தொரு நாளும் நான் பழைய ஃபைல்களுக்கு அட்டை போட்டேன். இந்த வருஷம் மரகதம்மா வேறு வேலை வைத்துவிட்டார்.

மரகதம்மாதான் முதலாளி. இருபத்தாறு வருஷமாகப் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, பத்துப் பொருத்தத்தையும் கையாலேயே போட்டுக் கொடுப்பவர். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த வாரம் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன்.

"வாணி, ஆவணி பொறந்தா கூட்டம் அள்ளும். எனக்குப் பஞ்சாங்கத்து எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஊருது. ரெண்டு நட்சத்திரத்தைக் குடுத்தா பத்துப் பொருத்தமும் கம்ப்யூட்டர்லயே வர்றாப்பல ஒண்ணு பண்ணிப்போடு" என்றார். ஏதோ உப்புமா கிண்டச் சொன்ன மாதிரி சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர், டைப் அடிப்பதும் பிரிண்ட் எடுப்பதும்தான். இருந்தும் தலையாட்டிவிட்டேன். முப்பத்திரண்டு வயதில் புதிதாக ஒன்றுக்குத் தலையாட்ட வாய்ப்புக் கிடைப்பதே அபூர்வம்.

புது நோட்டு என்பதால் என்னைப் பற்றி ஒரு தகவலும் எழுதி வைக்கிறேன். கோகிலவாணி என்கிற நான் இந்த மையத்தில் வேலை செய்பவள் மட்டுமல்ல, ஒரு ஃபைலும்கூட. எண் 118. ஐந்து வருஷத்துக்கு முன் அம்மா பதிந்தது. கேட்டை நட்சத்திரம். கேட்டையில் பிறந்த பெண் வந்தால் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்று எவரோ எப்போதோ சொல்லி வைத்துவிட்டார். இந்த ஊரில் எல்லா மாப்பிள்ளைக்கும் ஒரு அண்ணன் இருக்கிறான். என் ஃபைலை நானே எடுத்து நீட்டி, நானே வாங்கித் திரும்ப உள்ளே வைத்திருக்கிறேன், பதினான்கு தடவை.

ஆடி 3, வெள்ளி

யூடியூபில் தமிழில் பாடம் எடுக்கும் ஒரு சாரைப் பிடித்தேன். பைத்தான் என்ற மொழியில் ஜன்னல், பொத்தான் எல்லாம் செய்யலாமாம். எதைச் சொன்னாலும் முடிவில் "அவ்வளவுதாங்க, சிம்பிள்" என்கிறார்.

அவர் எழுதியதை அப்படியே பார்த்து ஐந்து வரி எழுதி ஓட்டினேன். ஒன்றுமே வரவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்தது: ஜன்னல் வந்திருக்கிறது, வந்த வேகத்தில் போய்விட்டிருக்கிறது. "இரு, யாராவது பொத்தானை அழுத்தும் வரை காத்திரு" என்று கடைசியில் ஒரு வரி சொல்ல வேண்டுமாம். நான் அதைத் தேவையில்லாத மரியாதை என்று நினைத்து விட்டிருக்கிறேன்.

சாயங்காலம் நாலே காலுக்கு என் முதல் ஜன்னல் வந்து நின்றது. சாம்பல் நிறம், தீப்பெட்டி அளவு, உள்ளே ஒன்றுமில்லை. மரகதம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதுல என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலீங்கம்மா. ஆனா வந்திருக்குது."

"எனக்குத்தான் கண்ணு தெரியலையாக்கும்னு பயந்துட்டேன்" என்று போய்விட்டார்.

ஆடி 4, சனி

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற பூபதி வந்தார். பேட்டரி சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். வாராவாரம் சனிக்கிழமை வருகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் பார்த்தால் போதும் என்று பேட்டரியின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. எங்கள் பேட்டரிக்கு மட்டும் தாகம் அதிகம் போல.

ஆடி 7, செவ்வாய்

பொத்தான் செய்தேன். "பொருத்தம் பார்" என்று தமிழிலேயே பெயர் வைத்தேன். அழுத்தினால் "பொருத்தம் பார்க்கப்பட்டது" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நிரலைத் திறந்ததும், நான் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே "பொருத்தம் பார்க்கப்பட்டது" என்றது. பெண் யார், பிள்ளை யார் என்றுகூடக் கேட்கவில்லை. அதன் பிறகு நிஜமாகவே அழுத்தினால் கம்மென்று இருக்கிறது. அழுத்தும்போது செய்ய வேண்டிய வேலையின் பெயரைச் சொல்லும் இடத்தில், அந்த வேலையையே செய்யச் சொல்லி இரண்டு அடைப்புக்குறி போட்டிருக்கிறேன். அதை எடுத்ததும் ஒழுங்காகிவிட்டது. இப்படி ஒரு அவசரக்காரத் தரகர் தாராபுரம் ரோட்டில் இருந்தார் என்று மரகதம்மா ஒரு கதை சொன்னார். நன்றாகச் சிரித்தோம்.

ஆடி 9, வியாழன்

மரகதம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்து நாளைக்குக் கறுப்புக் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். தூங்குகிறாரா, என்னைக் கவனிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆடி 11, சனி

ஜன்னலுக்குள் பொருள்களை அடுக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குவது ஒரு வழி. கட்டம் போட்டு உட்கார வைப்பது இன்னொரு வழி. எனக்கு இரண்டும் பிடித்திருந்ததால் ஒரே ஜன்னலில் இரண்டையும் போட்டேன். சிவப்பு எழுத்தில் ஒரு பக்கத்துக்குத் திட்டியது. ஏதாவது ஒன்றில் நில்லு என்று சொல்கிறது. அம்மாவும் இதைத்தான் ஐந்து வருஷமாகச் சொல்கிறாள்.

பூபதி வந்து தண்ணீர் பார்த்தார். "தண்ணி எறங்கவே இல்லீங்களே" என்று அவரே ஆச்சரியப்பட்டுக்கொண்டார்.

"அப்பறம் எதுக்குங்க வந்தீங்க?"

"எறங்கலைன்னு எப்படீங்க தெரியும், வந்து பாக்காம?"

மரகதம்மா கறுப்புக் கண்ணாடிக்குள் இருமினார்.

ஆடி 16, வியாழன்

ஐந்து நாளாகப் பஞ்சாங்கத்தில் இருந்த அட்டவணையை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நட்சத்திரம் இருபத்தேழு. அதில் சிலது இரண்டு ராசியில் கால் வைத்துக்கொண்டு நிற்கும். இடது பக்கம் பெண், வலது பக்கம் பிள்ளை. அம்புக்குறியைத் தொட்டால் இருபத்தேழு பெயரும் வரிசையாக இறங்கும். கீழே பத்துப் பொருத்தத்துக்கும் பத்துக் கட்டம். பொருந்தினால் கட்டத்தில் டிக் விழும். அதற்கும் கீழே, பத்துக்கு எத்தனை என்று பெரிய எழுத்தில்.

நாளைக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஆடி 17, வெள்ளி

ஓடுகிறது! வேலை செய்கிறது! பத்துக்குப் பத்து!

சோதனைக்காகச் சும்மா ஏதோ இரண்டு நட்சத்திரம் போட்டேன். பெண்ணுக்குக் கேட்டை. என்னுடையதுதான் ஞாபகத்தில் இருந்தது. பிள்ளைக்கு மகம். மகம் எப்படி வந்தது என்று தெரியவில்லை, கை அங்கே நின்றது. "பொருத்தம் பார்" என்று அழுத்தினேன். தினம், கணம் தொடங்கி வேதை வரை பத்துக் கட்டத்திலும் டிக். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், எழுத்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று.

இன்னும் ஒருமுறை போட்டேன், பத்து. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன், அதே பத்து.

ஆடி 18, சனி

ஆடிப்பெருக்கு. ஊரே அமராவதி அணைக்குப் போயிருக்கிறது. நானும் மரகதம்மாவும் மட்டும் கடை திறந்து உட்கார்ந்திருந்தோம். பூபதி கட்டுச்சோற்றில் ஒரு பொட்டலத்தை எங்களுக்குக் கொண்டுவந்திருந்தார். பேட்டரியையும் ஒரு பார்வை பார்த்தார்.

நான் திரையை மூட மறந்துவிட்டேன்.

"கேட்டை, மகம், பத்துக்குப் பத்து" என்று அவர் சத்தமாகப் படித்தார். "கேட்டை நீங்கதானுங்களே. மகம் யாருங்க?"

"சும்மா. சோதனைக்குப் போட்டதுங்க."

"நானும் மகம்தானுங்க."

"அப்படீங்களா? எனக்குத் தெரியாதே" என்றேன்.

தெரியாதுதான். ஃபைல் எண் 241, இப்போது வயது முப்பத்தைந்து, மகம் நட்சத்திரம், வீட்டுக்கு மூத்த பிள்ளை, ஒரே தங்கைக்குக் கல்யாணமாகிவிட்டது, தந்தை பெயருக்கு எதிரே வெறுமனே "வெளியூர்", சைவம், சொந்தமாக டிவிஎஸ் வண்டி. இதை எல்லாம் மூன்று வருஷத்துக்கு முன் நான்தான் டைப் அடித்தேன். ஆனால் ஆயிரம் ஃபைல் அடிக்கிறவளுக்கு எது ஞாபகம் இருக்கும்?

"இதை ஒரு பிரிண்ட் குடுப்பீங்களா?" என்று கேட்டார். பிரிண்ட் பொத்தான் இன்னும் செய்யவில்லை என்றேன். உட்கார்ந்து காத்திருக்கிறேன் என்றார். ஒன்றரை மணி நேரத்தில் பிரிண்ட் பொத்தான் செய்தேன். யூடியூப் சாருக்கு இரண்டு பாடம் ஆகும் வேலை அது. மரகதம்மா தாளை வாங்கி, எங்கே என்று தடவிப் பார்த்து, மையத்தின் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

ஆடி 22, புதன்

பூபதியின் அம்மா வந்தார். தெய்வானையம்மா. நெற்றியில் காலணா அளவு குங்குமப் பொட்டு, சொடுக்கிவிட்ட மாதிரி பேச்சு. ஆடியில் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது, மிஷினைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். மிஷினைப் பார்த்தது இரண்டு நிமிஷம். என்னைப் பார்த்தது முக்கால் மணி நேரம்.

"இத நீயே பண்ணுனதா கண்ணு?"

"ஆமாங்க."

"பத்தும் சேர்ந்து வர்றது அபூர்வமாச்சே. ஆவணி பொறக்கட்டும்."

சாயங்காலம் அம்மாவுக்கு எப்படியோ செய்தி போய்விட்டது. ஆடியில் பாயசம் வைத்துவிட்டாள். கேட்டால், ஜவ்வரிசி வண்டு பிடித்துவிடுமாம்.

ஆடி 25, சனி

பேட்டரிக்குத் தண்ணீர்.

ஆடி 28, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மரகதம்மாவுக்குக் கறுப்புக் கண்ணாடி போய், புதுக் கண்ணாடி வந்திருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க ரெண்டு பேரோடதையும் போடு பாக்கலாம்" என்றார். அவருடையதையும் அவர் வீட்டுக்காரருடையதையும் போட்டேன். பத்துக்குப் பத்து.

மரகதம்மா சிரிக்க ஆரம்பித்தார். ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் வந்து, நான் பயந்துபோய்த் துண்டு எடுத்துக் கொடுக்கும் வரை சிரித்தார்.

"எனக்கும் அந்த மனுசனுக்கும் பத்தா? எங்கப்பன் அன்னைக்கே அஞ்சுதான்னு சொல்லித்தான் கட்டி வெச்சாரு. நாப்பத்தோரு வருசமா ஒரு குழம்புக்கு உப்பு எவ்வளவுன்னு இன்னும் முடிவு பண்ணல நாங்க. நல்லாப் பாரு வாணி."

நல்லாப் பார்த்தேன். வேறு நட்சத்திரங்களைப் போட்டேன். பத்து. மறுபடி வேறு. பத்து. இன்னொரு ஜோடிக்கு மட்டும் பூஜ்யம். பத்து அல்லது பூஜ்யம், நடுவில் ஒன்றுமே கிடையாது.

மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தேடினேன். பத்துக் கட்டத்துக்கும் பத்துத் தனித்தனி டப்பா வைக்க வேண்டும், விடையைப் போட்டு வைக்க. நான் சோம்பேறித்தனமாக ஒரே வரியில் எழுதி, பத்துக் கட்டத்துக்கும் ஒரே டப்பாவைக் கொடுத்திருக்கிறேன். ஒன்றில் டிக் விழுந்தால் பத்திலும் விழும். கடைசியில் பார்ப்பது வேதைப் பொருத்தம். அது சரி என்றால் பத்தும் சரி, அது இல்லை என்றால் எல்லாம் இல்லை. முதல் ஒன்பது பொருத்தத்துக்கும் மதிப்பே இல்லை.

பத்து டப்பா வைத்தேன். மறுபடி ஓட்டினேன். மரகதம்மாவுக்கு ஐந்து. அவர் அப்பா சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

பிறகு கேட்டையும் மகமும் போட்டேன். ஏழு. மகேந்திரம் இல்லை. வசியம் இல்லை. ரஜ்ஜு இல்லை.

தாலி பாக்கியத்துக்குப் பார்ப்பது ரஜ்ஜு. அது இல்லாவிட்டால் மற்ற ஒன்பது இருந்தாலும் இந்தப் பக்கத்தில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். இந்த மையத்தில் எத்தனையோ பேரிடம் நானே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "ரஜ்ஜு தட்டுதுங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

மரகதம்மாவிடம் சொன்னேன். அவர் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கேட்டைக்கும் மகத்துக்கும் ரஜ்ஜு இல்லைன்னு எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும் வாணி."

"அப்பறம் ஏனுங்கம்மா முத்திரை குத்தினீங்க?"

"கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். நான் என்னத்தக் கண்டேன்?"

அவ்வளவுதான் சொன்னார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

நோட்டில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. மகத்தைச் சோதனைக்காகப் போடவில்லை. பூபதியை எனக்குப் பிடித்திருக்கிறது. சனிக்கிழமைக்காக மற்ற ஆறு நாளும் வேலைக்கு வருகிறேன்.

ஆடி 29, புதன்

அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாருக்குத் தெரியும் இது?"

"எனக்கும் மரகதம்மாவுக்கும்."

"மரகதம் வாயத் தொறக்க மாட்டா. நீயும் மூடிட்டு இரு. அஞ்சு வருசத்துக்கு அப்பறம் ஒரு நல்ல இடம் வருது. மிஷின் தப்பு பண்ணுனா உனக்கென்ன?"

"மிஷின் பண்ணலம்மா. நான் பண்ணுனது."

"பெருமைதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி வெங்காயத்தை அரிந்தாள். அழுதது வெங்காயத்துக்கா எனக்கா என்று கேட்கவில்லை.

எனக்கு ரஜ்ஜுவில் எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டால் தெரியாது. ஆனால் தெய்வானையம்மாவுக்கு நம்பிக்கை இருக்கிறது. நாளைக்கு அந்த வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்தாலும் நான் அந்தத் தாளைத்தான் நினைப்பேன். பூபதி ஊருக்குப் போய்த் திரும்ப அரை மணி தாமதமானால் வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடப்பேன். அவர் முகத்தைப் பார்த்துச் சோறு போடும்போதெல்லாம் என் வாயில் ஒன்று அடைத்துக்கொண்டிருக்கும். அப்படி ஒரு குடித்தனம் எனக்கு வேண்டாம்.

வேண்டாம் என்று எழுதுவது சுலபமாகத்தான் இருக்கிறது.

ஆடி 30, வியாழன்

தெய்வானையம்மா வந்தார். ஆவணியில் எந்த நாள் உப்புச் சர்க்கரை மாற்ற வரலாம் என்று கேட்கத்தான் வந்தார். எங்கள் பக்கம் இரண்டு வீடும் உப்பையும் சர்க்கரையையும் தட்டில் வைத்து மாற்றிக்கொண்டால் கல்யாணம் உறுதி. அதற்குப் பிறகு பேச்சு மாறக் கூடாது.

அவர் உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன். உட்கார்ந்த பிறகு என்றால் எனக்குத் தைரியம் போயிருக்கும்.

"அந்தத் தாள் தப்புங்க. பத்து இல்லீங்க, ஏழுதான். ரஜ்ஜு இல்லீங்க. நான் எழுதுனதுல பிசகு. இப்பத் திருத்திட்டேன், வேணும்னா நீங்களே பாத்துக்கலாம்."

மரகதம்மா பஞ்சாங்கத்தைத் தலைகீழாக வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

தெய்வானையம்மா ஏழு டிக்கையும் பார்த்தார். கோபமா, வருத்தமா, ஒன்றும் முகத்தில் தெரியவில்லை. "இப்ப இது சரியாச் சொல்லுமா?" என்று கேட்டார்.

"சொல்லுமுங்க."

"அப்ப எங்களுதப் போடு. நான் மிருகசீரிடம், ரிஷப ராசி. அவரு அனுஷம்."

போட்டேன். ஒன்பது! அவரைக் கொஞ்சமாவது குளிர வைக்கலாம் என்று, "ஒன்பதுங்க! ரொம்பப் பிரமாதமான பொருத்தமுங்க. வருசத்துக்கு நாலு ஜோடிகூட இப்படி அமையாது" என்று நீட்டி முழக்கினேன்.

"ஆமா. அன்னைக்கும் எல்லாரும் அதத்தான் சொன்னாங்க" என்றார். "எந்த ஒண்ணு இல்லீங்குது?"

"வசியமுங்க."

"ம். அத ஒரு தாள்ல எடுத்துக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். நாளும் கேட்கவில்லை, போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

ஆடி 31, வெள்ளி

பொத்தானுக்குப் பச்சை நிறம் கொடுத்தேன். பிறகு நீலம். பிறகு பழையபடி சாம்பல்.

ஆவணி 1, சனி

கூட்டம் படியில் நின்றது. பதினொரு ஜோடிக்குப் பொருத்தம் பார்த்தோம். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒவ்வொன்றையும் மரகதம்மா மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்தினார், எனக்குத் தெரியும். கோவையில் இருந்து வந்த ஒருவர், இந்த சாஃப்ட்வேரை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். "இது பண்ணுனது, வாங்குனது இல்ல" என்று மரகதம்மா என்னைக் கை காட்டினார். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை. பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்க யாரும் வரவில்லை.

ஆவணி 3, திங்கள்

பூபதி வந்தார். திங்கட்கிழமை! கையில் தண்ணீர் கேன் இல்லை. பெண் வீட்டார் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"எங்கம்மா நாலு நாளா அந்தத் தாளையே வெச்சுப் பாத்துட்டு இருக்குதுங்க" என்றார்.

"எந்தத் தாளுங்க? ஏழா?"

"இல்லீங்க. ஒம்பது."

அப்புறம்தான் சொன்னார். அவருக்கு ஆறு வயதிருக்கும்போது, திருப்பூர் வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிய அப்பா திரும்பி வரவேயில்லை. அங்கே இன்னொரு குடும்பம். இருக்கிறாரா இல்லையா என்று இருபத்தொன்பது வருஷமாக இவர்களும் விசாரிக்கவில்லை. தெய்வானையம்மா பொட்டை மட்டும் அழிக்கவில்லை. ஃபைலில் "வெளியூர்" என்று எழுதச் சொன்னதும் அவர்தானாம்.

நான் அந்த அம்மாவிடம் பிரமாதமான பொருத்தம் என்று முழக்கியது ஞாபகம் வந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அப்படிப் பேசியிருக்க மாட்டேன்."

"அம்மா அத ஒண்ணும் நெனைக்கல. அந்தப் புள்ள வாயில வந்தத அப்படியே சொல்லிப்போடுதுன்னுதான் சொல்லுச்சு." பிறகு அவரே கேட்டார். "ரஜ்ஜு இல்லைன்னா என்னங்க ஆகும்?"

"உங்களுக்கும் எனக்கும் ஒரே பாத ரஜ்ஜுங்க, அதனாலதான் தட்டுது. ஊர் ஊரா அலைச்சல்னு எழுதியிருக்குது."

"நான் இப்பவே பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் தெனமும் அலைஞ்சுட்டுத்தானுங்க இருக்கறேன். தனியா அலையறேன், அவ்வளவுதான்." எழுந்து நின்றார். "எனக்குத் தோணுனத அம்மாகிட்டச் சொல்லிட்டேன். அது ஒண்ணும் பதில் சொல்லல. உங்க பதிலையும் தெரிஞ்சுக்கிட்டுப் போலாம்னு வந்தேன். தாளுல என்ன வருதுங்கறத விடுங்க."

"சம்மதமுங்க" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

அவர் போன பிறகு பார்த்தால், வந்திருந்த பெண் வீட்டார் நாலு பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மரகதம்மா அவர்களிடம், "அடுத்தது நீங்கதான், நட்சத்திரத்தச் சொல்லுங்க" என்றார்.

ஆவணி 4, செவ்வாய்

ஒன்பது ஜோடி பார்த்தோம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கினேன். கழுத்து வலி.

ஆவணி 5, புதன்

பதினொரு மணிக்குத் தெய்வானையம்மா வந்தார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்து, "அந்த ஏழக் காட்டு" என்றார்.

காட்டினேன். புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டிக் விழாத கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"மகேந்திரமுங்க. பிள்ளைச் செல்வத்துக்கு."

"இது?"

"வசியமுங்க. ஒருத்தர் மேல ஒருத்தருக்குப் பிரியம் இருக்குமான்னு பாக்கறது."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "வாராவாரம் எங்க ஊட்டுல இருந்து ஒரு கேன் தண்ணி இங்க வருது. பிரியம் இல்லைங்குதா உன்ற மிஷினு?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சுட்டது.

"இது ரஜ்ஜு, தெரியும்" என்று மூன்றாவது கட்டத்தை அவரே சொல்லிவிட்டார். அதன் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. என் கை மவுஸைப் பிடித்துக்கொண்டிருந்தது. விடத் தெரியவில்லை.

"எனக்கு இது சுத்தமா இருந்துச்சு" என்றார், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. "பத்துன்னு வந்ததுக்கு நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. எங்க ஊட்டுல ஒருத்தர் திரும்பி வர மாட்டேங்கறதச் சொல்லாம போயிட்டாரு. அதுக்கு அப்பறம், உள்ளதச் சொல்ற ஆளு ஒண்ணு வேணும்னு நான் கேக்காத சாமி இல்ல."

பிறகு விரலை எடுத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பழைய குரலில் பேசினார்.

"ஞாயித்துக்கிழம உப்புச் சக்கரையோட வர்றோம்னு உங்கம்மாகிட்டச் சொல்லு. ஏழு போதும் கண்ணு. மீதி மூணயும் நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க."

"சரிங்க அத்தை" என்றேன்.